கணவருக்கு பிப் மதிப்பீடு வருகிறது, எப்படி ஆயத்தம் செய்வது?

ஹரோ_சுமி

வணக்கம். என் கணவருக்கு 54 வயது. போன வருடம் பாரிசவாதம் வந்து இடது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. இடது கை விரல்கள் முழுதாக மூடாது. பேச்சு திரும்பிவிட்டது, ஆனால் களைத்துப்போனால் குழறும். கடை வேலையை விட்டாயிற்று. நோயாலோ இயலாமையாலோ கஷ்டப்படுகிறவர்களுக்கு பிரிட்டனில் அரசு தருகிற பிப் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்து, அந்த நீளப் போமை மகள் நிரப்பி அனுப்பினாள். இப்போது அடுத்த மாதம் மதிப்பீட்டுக்கு நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது.

எனக்கு மனுசனை நினைத்துத்தான் பயம். யார் கேட்டாலும் "நல்லா இருக்கிறன்" என்று சொல்கிற ஆள். ஆஸ்பத்திரியில் "படி ஏறுவீர்களா" என்று கேட்டதற்கு "ஓம், ஏறுவேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். ஏறுவார்தான். நான் பின்னால் நின்று இடுப்பைப் பிடிக்கிறதையும், மேலே போனவுடன் கட்டிலில் சரிகிறதையும் யார் சொல்வது? அங்கே என்ன கேட்பார்கள், என்ன கொண்டுபோக வேண்டும், என்னை உள்ளே விடுவார்களா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

குரொய்டன்காரன்

அக்கா, உங்களை உள்ளே விடுவார்கள். துணைக்கு ஒருவர் இருக்கலாம், இடையில் பேசவும் செய்யலாம். ஆனால் கேள்வி அவரிடம்தான் வரும்.

முதலில் மதிப்பீடு செய்கிற ஆள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் டொக்டராக இருக்கமாட்டார். நர்ஸ், பிசியோ, பாராமெடிக், ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிறவர்) என்று யாராவது ஒருவர். பிப் கொடுக்கிற அரச திணைக்களமான டி.டபிள்யூ.பி.க்காக ஒப்பந்தத்தில் வேலை செய்கிற நிறுவனத்தின் ஆள். அவர் அறிக்கை எழுதுவார், முடிவு எடுப்பது டி.டபிள்யூ.பி. வைத்தியம் சொல்வது அவருடைய வேலை இல்லை. ஆகவே பாரிசவாதம் என்ற பெயருக்காக ஒரு புள்ளியும் விழாது. அதனால் எந்தெந்த வேலை செய்ய முடியாமல் போனது என்பதற்குத்தான் புள்ளி.

அன்றாட வாழ்க்கைப் பகுதியில் 10 செயல்கள்: சமைப்பது, சாப்பிடுவது, மருந்தும் சிகிச்சையும், குளிப்பது, மலசலகூடம், உடுப்பு, பேசுவது, வாசிப்பது, ஆட்களோடு பழகுவது, காசுக் கணக்குப் பார்ப்பது. நடமாட்டத்தில் 2: வழி தெரிந்து போவது, நடப்பது. ஒரு பகுதியில் 8 புள்ளி எடுத்தால் சாதாரண தொகை, 12 எடுத்தால் கூடிய தொகை. 2025-26இல் அன்றாட வாழ்க்கைக்கு கிழமைக்கு 73.90 அல்லது 110.40 பவுண்ட், நடமாட்டத்துக்கு 29.20 அல்லது 77.05 பவுண்ட். உங்கள் சம்பளம், சேமிப்பு எதையும் பார்க்கமாட்டார்கள்.

அனுப்பின போமின் நகல் இருக்கிறதா? இருந்தால் போவதற்கு முதல் இரண்டு பேரும் இருந்து வாசியுங்கள். அதில் ஒன்று எழுதி இவர் வாயால் இன்னொன்று சொன்னால் அங்கேதான் சிக்கல் தொடங்கும்.

வெம்பிளி_வேலன்

நான் கேள்விப்பட்டதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஆட்கள் சொல்லிக் கொடுத்தது: சவரம் எடுக்காமல் போ, வீல்சேர் ஒன்று இரவல் வாங்கு, எதைக் கேட்டாலும் "ஏலாது" என்று சொல்லு. அவருக்குக் கிடைத்தது என்கிறார்கள். உண்மையைச் சொன்னவர்களுக்கு பூச்சியம். பிறகு எப்படி ஆயத்தம் செய்வது?

மதுரைக்காரி_ரெடிங்

வேலன் அண்ணா, தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீங்க. எனக்கு மூட்டுகளில் வருகிற முடக்குவாதம், நானும் இந்த மதிப்பீட்டுக்குப் போய் வந்தவள். அவங்க கையில் போம் இருக்கு, ஆஸ்பத்திரிக் கடிதங்கள் இருக்கு. பிசியோ குறிப்பில் "கைத்தடியோடு நடக்கிறார்" என்று இருக்கும்போது வீல்சேரில் போய் இறங்கினால் அதுக்கப்புறம் சொல்கிற உண்மையையும் நம்பமாட்டாங்க. தெரிந்தே பொய் சொல்லி வாங்குவது குற்றம், மாட்டினால் வழக்கு வரை போகும்.

உண்மையைச் சொல்லியும் பூச்சியம் வாங்கினவங்க இருக்காங்கதான், மறுக்கவில்லை. ஆனால் நிறையப் பேர் சொல்வது பாதி உண்மை. "குளிப்பீங்களா?" "குளிப்பேன்." முடிந்தது கதை. என் விஷயத்தில் முழு உண்மை என்னவென்றால், குளிப்பேன், வாரத்தில் இரண்டு நாள் மட்டும், பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்து, தலைக்கு ஊற்ற கை தூக்க முடியாததால் கணவர் ஊற்றி, முடிந்ததும் அரை மணி நேரம் துண்டோடு படுத்திருந்து. இதில் எது நடிப்பு?

சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கு. ஒரு வேலையைச் செய்ய முடியும் என்று சொல்ல வேண்டுமானால் அதைப் பாதுகாப்பாக, ஒழுங்காக, தேவைப்படுகிற தடவையெல்லாம் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடியணும். அந்த வியாதி இல்லாத ஒருத்தருக்கு அதிகபட்சமாக ஆகிற நேரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் போனால் அது நியாயமான நேரம் கிடையாது. இந்த நாலில் ஒன்று இல்லையென்றாலும் அந்த வேலையை அவர் செய்ய முடியாது என்றே கணக்கு. நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வருகிறவங்களுக்கு, பாதி நாட்களுக்கு மேல் எப்படி இருக்கிறதோ அதுதான் கணக்கு. உங்க வீட்டுக்காரர் படி ஏறுகிறார் இல்லையா, ஏறிய பிறகு அடுத்த அரை மணி நேரத்தில் இன்னொரு தடவை ஏறுவாரா? அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லிப் பழகணும்.

வெம்பிளி_வேலன்

சரி தங்கச்சி, ஒத்துக்கொள்கிறேன். அந்த இரண்டு மடங்கு நேரக் கதை எனக்குப் புதிது.

ஓடி_அக்கா

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ஆஸ்பத்திரியில் வேலை. பிப் மதிப்பீடு செய்கிறவள் இல்லை, ஆனால் பாரிசவாதம் வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பும்போது இதே விஷயங்களைத்தான் பார்க்கிறோம். நம் ஆட்கள் வழுக்குகிற இடங்கள் சிலவற்றைச் சொல்கிறேன்.

சமையல். ஆம்பிளையிடம் கேட்டால் "அதெல்லாம் மனுசிதான்" என்று சொல்லிச் சிரிப்பார். அவருக்கு அது ஒரு பதில், அறிக்கையில் அது ஒன்றுமே இல்லை. வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்பதை அவர்கள் கேட்கவில்லை. தனியே விட்டால், பச்சை மரக்கறி வெட்டி, அடுப்பில் வைத்து, ஒரு ஆளுக்கு ஒரு சாதாரண சாப்பாடு செய்ய ஏலுமா என்பதுதான் கேள்வி. ஐந்து கறியும் சோறும் இல்லை. ஓவனுக்குக் குனிவதையும் கணக்கில் எடுக்கமாட்டார்கள், இடுப்பு உயரத்துக்கு மேலே செய்கிற வேலை மட்டும். சுமி, அவர் ஒரு கையால் உருளைக்கிழங்கைப் பிடித்துத் தோல் சீவுவாரா? கொதிக்கிற தண்ணீரை வடிப்பாரா? உதவிப் பொருள் இருந்தால் முடியும் என்றால் 2 புள்ளி, இன்னொரு ஆள் பக்கத்தில் நின்று பார்க்கவோ உதவவோ வேண்டும் என்றால் 4.

சாப்பாடு. கத்தியும் முள்ளுக்கரண்டியும் பிடிப்பீர்களா என்று கேட்பார்கள். வலது கை நன்றாக இருப்பதால் இவர் "கையால் சாப்பிடுவேன், பிரச்சினை இல்லை" என்பார். கோழிக்காலை யார் பிய்த்துக் கொடுக்கிறது? நீங்கள்தானே? உணவை வெட்டித்தர ஆள் வேண்டும் என்பதற்கும் 2 புள்ளி இருக்கிறது.

உடுப்பில் சப்பாத்தும் சொக்ஸும் சேர்த்தி. சாரம் (லுங்கி) கட்டுகிறார் என்றால் ஏன் கட்டுகிறார் என்று சொல்லுங்கள். பொத்தானும் சிப்பும் ஒரு கையால் போட ஏலாததால்தான் வீட்டில் முழுநாளும் சாரம் என்றால் அது முக்கியமான தகவல். சொல்லாவிட்டால் அவர்களுக்கு அது நம் வழக்கமான வீட்டு உடுப்பு, அவ்வளவுதான்.

நடை. "ஐந்து நிமிடம் நடப்பேன்" என்று சொல்லவேண்டாம். அவர்கள் மீட்டரில் கணக்கெடுப்பார்கள். 20, 50, 200 என்று எல்லைகள். ஒரு டபுள் டெக்கர் பஸ் கிட்டத்தட்ட 11 மீட்டர். வீட்டு வாசலிலிருந்து எந்த விளக்குக்கம்பம் வரை நிற்காமல் போகிறார் என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கைத்தடியோடு 20க்கு மேல் 50க்குள் என்றால் 10 புள்ளி, 20க்குள் என்றால் 12. "ஐந்து நிமிடம்" என்றால் அவர்கள் தங்கள் வேகத்தில் பெருக்கிப் பார்த்து முந்நூறு மீட்டர் என்று எழுதிவிடுவார்கள்.

ஹரோ_சுமி

ஓடி அக்கா, நீங்கள் எங்கள் வீட்டுக்குள் நின்று பார்த்த மாதிரி இருக்கிறது. சாரம், கோழிக்கால் எல்லாம் அப்படியே.

இன்னொரு பிரச்சினை. அவருக்கு இங்கிலிஷ் ஓரளவு வரும், ஆனால் களைத்தால் தமிழே தடுமாறும். மகள் வந்து மொழிபெயர்க்கிறேன் என்கிறாள், அவளுக்குத்தான் போமில் எழுதியதெல்லாம் தெரியும். ஆனால் குளிப்பதையும் மலசலகூடத்தையும் பற்றி மகள் முன்னால் இவர் வாய் திறக்கமாட்டார். போம் நிரப்பும்போதே அந்தப் பக்கம் வந்தவுடன் எழும்பி முன் அறைக்குப் போய்விட்டார். நான்தான் அவளுக்கு மெதுவாகச் சொன்னேன்.

குரொய்டன்காரன்

மகளை வாசலோடு நிறுத்துங்கள் அக்கா. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டால் இலவசமாக ஒழுங்கு செய்வார்கள். கடிதத்தில் இருக்கிற நம்பருக்கு இன்றே எடுங்கள், கடைசி நேரத்தில் கேட்டால் நாள் தள்ளிப்போகும். இலங்கைத் தமிழ் பேசுகிறவர் வேண்டும் என்றும் கேட்டுப் பாருங்கள். அதே போனில் உரையாடலை ஒலிப்பதிவு செய்யவும் சொல்லுங்கள், கேட்டால் செய்வார்கள். பின்னால் அறிக்கையில் சொல்லாததை எழுதியிருந்தால் அது உதவும்.

ஒன்று மட்டும். லண்டனில் நம் ஆட்கள் கொஞ்சப் பேர்தான், வருகிற மொழிபெயர்ப்பாளர் கோயிலில் கண்டவராகவோ அவருடைய பழைய கடைக்கு வந்தவராகவோ இருக்கலாம். அப்படியானால் இவர் அந்த இடத்திலேயே இறுகிப்போவார். தெரிந்த முகம் என்றால் தொடங்குவதற்கு முதலே மதிப்பீட்டாளரிடம் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்வதில் ஒரு பிழையும் இல்லை.

மதுரைக்காரி_ரெடிங்

ரொம்பச் சரி. இன்னொன்றும் சொல்றேன், உள்ளே போவதற்கு முன்னாலேயே மதிப்பீடு தொடங்கிவிடும். எப்படி வந்தீங்க, யார் கூட்டிவந்தது, பஸ்ஸா டாக்ஸியா, காத்திருக்கும் இடத்திலிருந்து அறை வரை எப்படி நடந்தார், நாற்காலியில் எப்படி உட்கார்ந்தார், கோட்டை யார் கழற்றியது என்று எல்லாம் குறிப்பில் வரும். என் அறிக்கையில் நான் கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தது ஒரு வரியாக வந்திருந்தது! பையில் டிஷ்யூ பாக்கெட் மட்டும்தான். அதனால் வழக்கமாக நீங்க கோட் கழற்றிவிடுவீங்க என்றால் அங்கேயும் நீங்களே கழற்றுங்க. "இங்கிலீஷ்காரங்க முன்னால நானே செய்வேன்" என்று அவர் வீம்பு பிடிக்க வேண்டாம்.

கையைத் தூக்கு, விரலை அழுத்து, எழுந்து நில் என்று சில அசைவுகள் செய்யச் சொல்வாங்க. வலித்தாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு, ஏன் நிறுத்தினேன் என்று சொல்லலாம். 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வது மாதிரிக் கேள்விகளும் வரலாம், பதறாமல் இருக்கட்டும். வராவிட்டால் வரவில்லை என்று விடட்டும்.

நிசாந்த்_லெஸ்டர்

என் அண்ணனும் இதே மாதிரி ஒன்றுக்குப் போனவர், அவரிடம் வேலை செய்ய ஏலுமா என்றுதான் கேட்டார்களாம். சமையல் பற்றிக் கேட்கவில்லையே?

குரொய்டன்காரன்

தம்பி, அது வருமானம் குறைந்தவர்களுக்கான யூனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகைக்கான வேலைத்திறன் மதிப்பீடு. வேறு சட்டம், வேறு கேள்விகள். பிப் வேலை செய்கிறவர்களுக்கும் கிடைக்கும். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

ஹரோ_சுமி

கையில் என்ன கொண்டுபோக? ஜி.பி.யிடம் (குடும்ப டொக்டரிடம்) கடிதம் கேட்டால் காசு கேட்கிறார்கள்.

ஓடி_அக்கா

காசு கொடுத்துக் கடிதம் வாங்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்டபோது தந்த கடிதம், பிசியோ, ஓ.டி. அறிக்கைகள், மருந்துப் பட்டியல், குளியலறையில் கைப்பிடி பூட்டினால் அதற்கான கவுன்சில் கடிதம், இவை போதும். எல்லாம் நகல், மூலத்தைக் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியவை போய்ச் சேர்ந்தனவா என்றும் கேளுங்கள்.

என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய சாட்சி நீங்கள் எழுதுகிற குறிப்பு. இன்றிலிருந்து ஒரு கொப்பியில் நாளுக்கு நாலு வரி. எத்தனை மணிக்கு எழும்பினார், எதற்கெல்லாம் உங்களைக் கூப்பிட்டார், எங்கே தடுக்கினார், எப்போது பேச்சு குழறியது. மருந்தை மறக்கிறாரா, நீங்கள் எடுத்துக் கொடுக்கிறீர்களா என்பதையும் எழுதுங்கள், அதற்கும் 1 புள்ளி இருக்கிறது. அழகாக எழுத வேண்டாம். பாரிசவாதம், களைப்பு என்று பொதுவாக எழுதுவதைவிட "செவ்வாய்: குளியல் தொட்டிக்குள் கால் வைக்கும்போது வழுக்கி என் தோளில் விழுந்தார்" என்ற ஒரு வரி அவர்களுக்குத் தெளிவாக விளங்கும். கடைசியில், கேட்க மறந்தது எதையாவது சொல்ல வேண்டுமா என்று கேட்பார்கள். அப்போது அந்தக் கொப்பியைத் திறந்து பார்த்துச் சொல்லலாம்.

கிளாஸ்கோ_தமிழன்

இடையில் ஒரு குறிப்பு. ஸ்கொட்லாந்தில் இருப்பவர்கள் இதை வாசித்துப் பயப்பட வேண்டாம். இங்கே 2022இலிருந்து பிப்புக்குப் பதிலாக அடல்ட் டிசேபிலிட்டி பேமென்ட். தனியார் நிறுவனத்து மதிப்பீடு கிடையாது, ஆவணங்கள் போதாவிட்டால் மட்டும் இங்கத்தைய அரச அமைப்பான சோஷியல் செக்யூரிட்டி ஸ்கொட்லாந்தின் ஆட்களே பேசுவார்கள்.

புதியவன்_2

நான் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் இருக்கிறேன், மனைவிக்கு முதுகுத்தண்டில் பிரச்சினை. நாங்கள் விண்ணப்பிக்கலாமா?

குரொய்டன்காரன்

உங்கள் விசாவில் அரச நிதிக்கு உரிமை இல்லை என்ற நிபந்தனை இருக்கும். பிப் அந்த அரச நிதிப் பட்டியலில் இருக்கிறது. விண்ணப்பித்தால் விசாவுக்கே பாதிப்பு வரலாம். அகதி அந்தஸ்து, நிரந்தர வதிவிடம், குடியுரிமை உள்ளவர்கள் கதை வேறு. குடிவரவுச் சட்டத்தரணியைக் கேட்காமல் போனைத் தொடாதீர்கள்.

ஹரோ_சுமி

எல்லாருக்கும் நன்றி. இன்று போய் வந்தோம், மறக்க முதல் எழுதுகிறேன்.

மதிப்பீடு செய்தது ஒரு நர்ஸ், மரியாதையாகத்தான் பேசினார். மொழிபெயர்ப்பாளர் மட்டக்களப்புப் பக்கத்து மனுசி, தெரியாத ஆள், நல்லதாகப் போயிற்று. மகளைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டேன். முதல் கேள்விகளுக்கு இவர் பழையபடி "பரவாயில்லை, செய்வேன்" என்றுதான் தொடங்கினார். நான் முதல் நாள் இரவு ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தேன்: "செய்வேன்" என்று சொன்னால் அதோடு நிறுத்தக்கூடாது, எப்படி, யார் உதவி, பிறகு என்ன என்று மூன்றையும் சொல்லவேண்டும். காலில் லேசாகத் தட்டினேன். மனுசன் முகத்தைச் சுளித்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார்.

குளியலைப் பற்றிக் கேட்டபோது நிலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சொல்லவா என்று கேட்டேன், தலையாட்டினார். நான் சொன்னதை அவரிடம் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்தித்தான் அந்த நர்ஸ் எழுதினார். சமையலில் "நான் ஒரு நாளும் சமைத்ததில்லை" என்று தொடங்கிப் பிறகு தானாகவே, "ஆனால் தேத்தண்ணி போடப்போய்க் கேத்திலைத் தூக்க ஏலாமல் விட்டேன்" என்றார். அது எனக்கே தெரியாது, நான் வேலையால் வருவதற்கு முன் நடந்ததாம்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. கடைசியில் பேச்சு குழறத் தொடங்கியதை அவர்களே பார்த்தார்கள். இனி என்ன செய்ய வேண்டும்? சும்மா காத்திருப்பதா?

மதுரைக்காரி_ரெடிங்

தேத்தண்ணி விஷயம் அவர் வாயாலேயே வந்தது பெரிய விஷயம் அக்கா.

காத்திருக்கும்போதே டி.டபிள்யூ.பி.க்கு போன் போட்டு மதிப்பீட்டு அறிக்கையின் நகல் கேளுங்க, தபாலில் அனுப்புவாங்க. முடிவுக் கடிதம் வரும் முன்பே அதைப் படித்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்குது என்று தெரிஞ்சிடும். முடிவு சரியில்லை என்றால் கடிதத்தில் இருக்கிற தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கணும். அதிலும் மாறவில்லை என்றால் மறுபடி ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயம். அங்கே ஒரு நீதிபதி, ஒரு டாக்டர், இயலாமை பற்றித் தெரிந்த ஒருவர் உட்காருவாங்க. காசு இல்லை. விசாரணை வரை போகிறவங்களில் பாதிக்கு மேல் ஜெயிக்கிறாங்க, அதனால் மறுபரிசீலனையில் "முடியாது" என்று வந்ததும் நிறையப் பேர் விட்டுவிடுவதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கும். எழுத உதவி வேண்டுமானால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பு இருக்கு, இலவசம். ஐந்நூறு பவுண்ட் கொடு, நான் எழுதித் தருகிறேன் என்று நம் ஆட்களே சிலர் வருவாங்க, கிட்டே சேர்க்காதீங்க.

ஹரோ_சுமி

அறிக்கைக்கு நாளை போன் பண்ணுகிறேன். கடைசியாக ஒன்று. நான் கிழமைக்கு 12 மணித்தியாலம் பாடசாலைக் கன்டீனில் வேலை. இவருக்குக் கிடைத்தால் அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்குத் தருகிற கெயரர்ஸ் அலவன்ஸ் எனக்கு வருமா, வேலையை விட வேண்டுமா?

குரொய்டன்காரன்

வேலையை விட வேண்டாம். அவருக்கு அன்றாட வாழ்க்கைப் பகுதி, சாதாரண தொகையானாலும் கூடியதானாலும், கிடைத்திருக்க வேண்டும். நீங்கள் கிழமைக்கு 35 மணித்தியாலம் பார்த்துக்கொள்ள வேண்டும், அது உங்களுக்குப் பிரச்சினையாக இருக்காது. உங்கள் சம்பளம், வரி போன்றவை கழித்து, 2025-26இல் கிழமைக்கு 196 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். 12 மணித்தியாலம் என்றால் பெரும்பாலும் உள்ளுக்குள்தான் வரும், ஆனால் விடுமுறைக்கு முன் கூடுதல் மணித்தியாலம் செய்கிற கிழமைகளைக் கவனியுங்கள். ஒரு பவுண்ட் கூடினாலும் அந்தக் கிழமைக்கு ஒன்றும் இல்லை, பிறகு திருப்பிக் கேட்பார்கள். அவருடைய முடிவுக் கடிதம் வந்த பிறகு விண்ணப்பியுங்கள், மூன்று மாதத்துக்குள் போட்டால் அவருக்குப் பணம் தொடங்கிய நாளிலிருந்து உங்களுக்கும் கணக்கெடுப்பார்கள். நடப்பதில் 8 புள்ளி வந்திருந்தால் அதே கடிதத்தை வைத்து கவுன்சிலில் கார் நிறுத்தச் சலுகை தருகிற ப்ளூ பேட்ஜுக்கும் போடுங்கள்.